கரகரக்கும் குரல், வழியும் எச்சில், விடாத இருமல்: நாயின் தொண்டைக் கோளாறுகள் குறித்து வாசகர் கேட்டவை

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நாயின் தொண்டையைப் பற்றியவை. மனிதர்களுக்குச் சளி பிடித்தால் தொண்டை கட்டுவதைப் போல நாய்க்கும் தொண்டை மட்டும் தனியாக அழற்சி கொள்ளும் என்று பலர் கருதுகிறார்கள். அப்படி நேர்வது நாய்களில் குறைவு. மூச்சுக்குழாயில் தொற்று, வாயில் அழுகிய பல், குத்தி நிற்கும் முள், இடைவிடாத வாந்தி, நரம்பைத் தாக்கும் நோய் என்று வேறு ஏதோ ஒன்றின் விளைவாகவே தொண்டை சிவந்து வீங்குகிறது. ஆகவே ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் வேறாக இருக்கிறது. அவசரம் கருதி, கடைசியாக வந்த கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் வளரும் நாட்டு நாய்க்கு மூன்று நாட்களாகக் குரல் மாறிவிட்டது, குரைத்தால் ஊளையிடுவது போலக் கரகரப்பாக வருகிறது. எச்சில் வடிந்துகொண்டே இருக்கிறது. சோற்றை வாயில் எடுத்தாலும் விழுங்க முடியாமல் கீழே விடுகிறது; தாடையும் சற்றுத் தொங்கினாற்போல் தெரிகிறது. எலும்பு சிக்கியிருக்கும் என்று என் சித்தப்பா வாய்க்குள் கைவிட்டுப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. இதுவரை தடுப்பூசி எதுவும் போட்டதில்லை. இது தொண்டை அழற்சிதானா? என்ன மருந்து கொடுக்கலாம்?
ஒரு வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: இந்தப் பதில் அச்சில் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால், கடிதம் கிடைத்த அன்றே ஆசிரியர் குழு உங்களைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் சித்தப்பா உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று தெரிவித்துவிட்டது. மற்ற வாசகர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகக் காரணத்தை விரிவாக எழுதுகிறேன்.

தடுப்பூசி போடாத ஒரு நாய்க்குக் குரல் மாறி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் போனால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதை வெறிநாய் நோயாகவே, அதாவது ரேபிஸாகவே, கருதி நடந்துகொள்ள வேண்டும். வெறிநோய் என்றதும் கண்ணில் பட்டவரையெல்லாம் பாய்ந்து கடிக்கும் நாயைத்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் இந்நோய்க்கு அமைதியான வடிவம் ஒன்றும் உண்டு. அதில் நாய் யாரையும் துரத்துவதில்லை. மூலையில் ஒதுங்கிக் கிடக்கும், அழைத்தால் மெல்ல வாலைக்கூட ஆட்டும். வைரஸ் மூளையைத் தாக்கியதால் தொண்டை, குரல்வளை, தாடை ஆகியவற்றின் தசைகள் செயலிழந்துபோகின்றன. அதனால்தான் குரல் கெடுகிறது, தாடை தொங்குகிறது, வழக்கமாக விழுங்கப்படும் எச்சில் வெளியே வழிகிறது. பார்ப்பவர்களுக்கு இது அச்சு அசலாகத் தொண்டையில் எலும்பு சிக்கியது போலவே தோன்றும். வீட்டில் மிகுந்த பாசமுள்ளவர் எவரோ அவரே வாயைத் திறந்து கையை விடுகிறார் என்பதுதான் இதில் பெரும் வேதனை.

தண்ணீரைக் கண்டு அஞ்சினால்தான் அது வெறிநோய் என்ற நம்பிக்கையும் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. அந்த அச்சம் நோயுற்ற மனிதரிடம் காணப்படும் அறிகுறி. நோயுற்ற நாய் தண்ணீர்க் கிண்ணத்தில் வாயை வைக்கும், நக்கவும் முயலும். விழுங்கத்தான் அதனால் இயலாது. எனவே நாய் தண்ணீரிடம் போகிறது என்பதை வைத்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

இத்தகைய நாயின் வாய்க்குள் கைவிட்டவரைக் கடிக்கவில்லை என்றாலும் ஆபத்து நீங்கிவிடாது. விரலில் இருந்த சிறு கீறல் வழியாகவோ, கண், மூக்கு, வாய் ஆகியவற்றில் எச்சில் தெறித்ததாலோ தொற்று ஏற்படலாம். எச்சில் பட்ட இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு முழுமையாக 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. அதே நாளில் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்ல வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களிலும், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களிலும் தடுப்பூசி போடப்படுகிறது. காயம் அல்லது கீறலில் எச்சில் பட்டிருந்தால், இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரத ஊசியையும் முதல் நாளிலேயே காயத்தைச் சுற்றிப் போடுவார்கள். நாய் பிழைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. மனிதரிடம் அறிகுறி தோன்றிய பிறகு இந்நோய்க்குப் பலன் தரும் சிகிச்சை இல்லை.

நாயை அடித்துக் கொல்ல வேண்டாம். கையால் தொடாமல், அறையிலோ கூண்டிலோ தனியாக அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். எச்சிலில் வைரஸை வெளியேற்றும் நிலையை எட்டிய நாய் பெரும்பாலும் 10 நாட்களுக்குள் இறந்துவிடும் என்பதால்தான் இத்தகைய நாயை 10 நாட்கள் கண்காணிக்கிறார்கள். நாய் இறந்தால் அதன் மூளைத் திசுவைப் பரிசோதித்து நோயை உறுதி செய்யலாம். அதனுடன் பழகிய, அதன் தட்டில் உண்ட மற்ற நாய்களைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ஊசி, சில வாரங்களில் ஊக்க ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஓர் ஊசி என்று போட்டுவந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருக்காது.

கேள்வி: உறவினர் திருமணத்துக்காக எங்கள் லாப்ரடாரை நாய்க் காப்பகத்தில் விட்டுச் சென்றோம். அழைத்து வந்து நான்கைந்து நாட்கள் ஆனதும் இருமத் தொடங்கியது. கழுத்தை நீட்டி, வறட்டு இருமலாக இருமி, கடைசியில் ஓங்கரித்து வெள்ளை நுரையைத் துப்புகிறது. ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறது, ஊசிகளும் முறையாகப் போட்டிருக்கிறோம். எலும்பு சிக்கியிருக்குமா, தொண்டைப் புண்ணா?
ஒரு வாசகி, மதுரை

பதில்: நீங்கள் விவரித்திருப்பது நாய்க் காப்பக இருமல் என்று வழங்கும் தொற்றுடன் நன்றாகப் பொருந்துகிறது. பல நாய்கள் ஒன்றாக இருக்கும் காப்பகம், கண்காட்சி, குட்டிகளை விற்கும் இடம் ஆகியவற்றில், இருமும் நாயின் மூச்சுத் துளிகள் வழியாகவும், பொதுத் தண்ணீர்க் கிண்ணம் வழியாகவும் இது பரவுகிறது. போர்டெடெல்லா என்னும் பாக்டீரியாவும், பாராஇன்ஃபுளுயன்சா, அடினோ வகை வைரஸ்களும் தனியாகவோ கூட்டாகவோ இதை உண்டாக்குகின்றன. தொற்றிய 2 முதல் 10 நாட்களுக்குள் இருமல் தொடங்கும். உங்கள் கணக்கும் அதற்குள்தான் வருகிறது. தொண்டையும் குரல்வளையும் மூச்சுக்குழாயும் ஒருசேர அழற்சி கொள்வதால், கழுத்தின் முன்புறத்தில் மூச்சுக்குழாயை இரு விரலால் மெல்ல அழுத்தினாலே இருமல் கிளம்பும்.

எலும்பு சிக்கிய நாய் இப்படி நடந்துகொள்வதில்லை. அது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதோ சாப்பிட்டவுடனோ திடீரென்று தொல்லைப்படும், முன்னங்காலால் வாயைச் சொறியும், உணவை விரும்பினாலும் விழுங்கும்போது வலியால் பின்வாங்கும். நாள் கடந்து தொடங்கி, ஓடினாலும் உற்சாகப்பட்டாலும் கூடுகிற இருமல், பசி குறையாத நாயிடம் தோன்றினால் அது தொற்றின் பக்கமே சாய்கிறது.

உங்கள் நாயின் காய்ச்சலை இன்றே அளந்துவிடுங்கள். மூக்கு காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. டிஜிட்டல் வெப்பமானியின் நுனியில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பு. 103-ஐத் தாண்டினாலோ, உணவை மறுத்தாலோ, மூக்கில் சீழ் போன்ற சளி வந்தாலோ, உறங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் போனாலோ, தொற்று நுரையீரலுக்கு இறங்கியிருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். குட்டிகளுக்கும் முதிய நாய்களுக்கும் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்காமல் முதல் நாளே காட்டிவிடுவது நல்லது, ஏனெனில் குட்டிகளில் டிஸ்டெம்பர் என்னும் கொடிய வைரஸ் நோயும் இருமலும் மூக்குச்சளியுமாகவே தொடங்குகிறது.

மற்றபடி, ஆரோக்கியமான வளர்ந்த நாய்க்கு இந்த இருமல் ஒன்று முதல் மூன்று வாரங்களில் தானாகவே அடங்கும். எல்லோருக்கும் ஆண்டிபயாடிக் தேவைப்படுவதில்லை. தேவை என்று மருத்துவர் கருதினால் டாக்சிசைக்ளின் போன்ற மருந்தைத் தருவார். அந்த மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் அங்கே புண் உண்டாக்கும் என்பதால், வெறும் தொண்டையில் போடாமல் ஒரு கவளம் உணவோடு கொடுத்துத் தண்ணீரும் குடிக்க வையுங்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸுக்கு மாறுங்கள். உலர் தீனியை வெந்நீரில் ஊறவைத்து ஆறவிட்டுக் கொடுங்கள். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி நிறைந்ததும் 10 நிமிடம் நாயோடு நீங்களும் அமர்ந்திருக்கலாம். தைலம், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் எதையும் அதில் சேர்க்க வேண்டாம், அவை நாய்க்கு நஞ்சு. இருமல் நின்ற பிறகும் கிருமி சில வாரங்கள் வெளியேறக்கூடும் என்பதால் மற்ற நாய்களுடன் விளையாட விடாதீர்கள்.

ஊசிகளை முறையாகப் போட்டும் எப்படி வந்தது என்ற உங்கள் ஐயம் நியாயமானது. வழக்கமான கூட்டுத் தடுப்பூசியில் பாராஇன்ஃபுளுயன்சாவும் அடினோவும் அடங்கும். போர்டெடெல்லாவுக்குத் தனித் தடுப்பு மருந்து உண்டு, அதை மூக்கில் சொட்டாக விடுவார்கள். காப்பகத்தில் விடும் வழக்கமுள்ளவர்கள் பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். நோயை அது முற்றாகத் தடுக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் கடுமையைக் குறைக்கும்.

கேள்வி: நாய் இருமினால் வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலோ இருமல் மருந்தோ பாதி அளவு கொடுக்கலாமா? என் மாமியார் மஞ்சள் பாலும் கற்பூரவள்ளிக் கஷாயமும் போதும் என்கிறார்.
ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: பாராசிட்டமால் வேண்டாம், பாதி அளவும் வேண்டாம். குழந்தையின் எடையைக் கணக்கிட்டு நாய்க்குக் கொடுப்பது தவறாகிவிடுகிறது, ஏனெனில் நாயின் கல்லீரல் அம்மருந்தை வேறு வகையில் கையாள்கிறது. அளவு மீறினால் கல்லீரல் சிதைவதோடு, இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனும் குறைந்து ஈறுகள் பழுப்பாகிவிடும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள் இரைப்பையில் இரத்தக் கசிவையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். இருமல் மருந்துகளில் பல பொருள்கள் கலந்திருக்கும், அவற்றில் பாராசிட்டமாலும் இருக்கலாம். சர்க்கரை இல்லாத தொண்டை மிட்டாய்களிலும் சூயிங்கத்திலும் சைலிட்டால் என்னும் இனிப்பு இருந்தால் அது நாயின் இரத்தச் சர்க்கரையை ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே அபாயகரமாகக் குறைத்து வலிப்பை உண்டாக்கும். தெரியாமல் தின்றுவிட்டால் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்; உப்பு நீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள், அந்த உப்பே உயிருக்கு ஆபத்தாகலாம்.

உங்கள் மாமியாரின் அக்கறை மதிக்கத்தக்கது. ஆயினும் வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. கற்பூரவள்ளி வயிற்றுப்போக்கையும் வாந்தியையும் உண்டாக்கக்கூடியது. பூண்டு தட்டிப்போட்ட ரசமும் வெங்காயம் சேர்ந்த சூப்பும் சிவப்பணுக்களை அழிப்பவை. அவருக்கு ஏதேனும் கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், இளஞ்சூடான உப்பில்லாத கோழி வேகவைத்த நீரைக் குழைந்த சோற்றில் ஊற்றிக் கொடுக்கலாம். வளர்ந்த நாய்க்கு, சர்க்கரை நோய் இல்லையென்றால், சிறு கரண்டி தேனும் தொண்டைக்கு இதமாக இருக்கும்.

கேள்வி: கடற்கரையில் திரிந்துவிட்டு வந்த எங்கள் நாய் நேற்றிலிருந்து கழுத்தை நீட்டியபடி நிற்கிறது, எச்சிலில் இரத்தக் கோடு தெரிகிறது. மீன்முள்ளாக இருந்தால் வாழைப்பழமும் சோற்று உருண்டையும் கொடுத்தால் இறங்கிவிடும் என்கிறார்களே?
ஒரு வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள். மென்மையான மீன்முள் சில வேளை அப்படி இறங்கலாம். ஆனால் அது தூண்டில் முள்ளாகவோ எலும்புச் சில்லாகவோ இருந்தால், உருண்டை அதை மேலும் ஆழமாகக் குத்தவைக்கும். உணவுக்குழாய் துளைபட்டால் மார்புக்குள் சீழ் பிடிக்கும். கடற்கரையில் வலை உலர்த்தும் இடத்தில் மீன் மணம் வீசும் தூண்டிலை நாய் விழுங்குவது அரிதன்று.

தடுப்பூசி போட்ட, உங்களிடம் அமைதியாக இருக்கும் நாய் என்றால் மட்டும், நல்ல வெளிச்சத்தில் உதட்டை விலக்கி, நாக்கின் அடிப்புறத்தைப் பாருங்கள். தூண்டில் நரம்போ தையல் நூலோ நாக்கின் வேரைச் சுற்றிக்கொண்டு, மறுமுனை உள்ளே போயிருக்கக்கூடும். கூர்ந்து பார்த்தால்தான் அந்த மெல்லிய கோடு தெரியும். தெரிந்தாலும் இழுக்கவோ அறுக்கவோ வேண்டாம், அதன் வழியேதான் மருத்துவர் மறுமுனையைக் கண்டுபிடிப்பார். உணவும் தண்ணீரும் கொடுக்காமல் அப்படியே அழைத்துச் செல்லுங்கள். உலோகம் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும்; மீன்முள்ளும் மரச்சிராயும் பெரும்பாலும் தெரியாது, அவற்றுக்கு மயக்க மருந்து கொடுத்து, கேமரா பொருத்திய மெல்லிய குழாயான எண்டோஸ்கோப்பிக் கருவியால் பார்க்க வேண்டியிருக்கும். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையைப் போன்ற பெரிய இடங்களில் அந்த வசதி உண்டு. உங்கள் பகுதி மருத்துவர் எங்கே அனுப்புவது என்று சொல்வார். முள்ளை எடுத்த பின்னும் சில வாரங்களில் கழுத்திலோ தாடைக்கடியிலோ வீக்கம் தோன்றினால், உள்ளே துண்டு தங்கியிருக்கக்கூடும்.

கேள்வி: ஒன்பது வயது நாய்க்கு ஆறு மாதமாகத் தொண்டை அழற்சி திரும்பத் திரும்ப வருகிறது. மாத்திரை கொடுத்தால் அடங்குகிறது, நிறுத்தினால் மீண்டும் வருகிறது.
ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: மாத்திரைக்கு அடங்கி மீண்டும் மீண்டும் எழும் அழற்சிக்கு வேர் வேறெங்கோ இருக்கிறது, அதே மாத்திரையை மறுபடி வாங்குவது அந்த வேரைத் தேடும் நாளைத் தள்ளிப்போடுவதாகும். இந்த வயதில் முதலில் பற்களைப் பார்க்க வேண்டும். காரை படிந்து ஈறு சீழ் பிடித்த வாயிலிருந்து கிருமிகள் நாள் முழுவதும் தொண்டைக்குப் போய்க்கொண்டிருக்கும். தாடைக்கடியில் நெறி கட்டியிருப்பதும், அருகில் வந்தாலே வாய் நாறுவதும் அதன் அடையாளங்கள். மயக்க மருந்தின் கீழ் பற்களைச் சுத்தம் செய்து, கெட்ட பல்லைப் பிடுங்கியதும் தொண்டை தானாகத் தேறிவிடுவதுண்டு. அதே மயக்கத்தில் டான்சில்களையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இரண்டும் ஒருபோலச் சிவந்திருந்தால் அழற்சி. ஒரு பக்கம் மட்டும் பெருத்து மேடுபள்ளமாக இருந்தால், முதிய நாயில் அது புற்றாக இருக்கக்கூடும் என்பதால் சிறு துண்டை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

நீங்கள் கவனித்துச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது: நாய் எடுப்பது வாந்தியா, அல்லது உண்டது அப்படியே திரும்பி வருகிறதா? வாந்தியில் வயிறு குலுங்கும், வருவது செரித்தும் செரிக்காததுமாக, மஞ்சள் நீரோடு இருக்கும். எந்த முயற்சியும் இல்லாமல், தலையைத் தாழ்த்தியவுடன், உண்ட உணவு குழாய் வடிவில் விழுந்தால் கோளாறு உணவுக்குழாயில் இருக்கிறது. நம் ஊர் நாய்களில் அதற்கு ஒரு முக்கியக் காரணம் ஸ்பைரோசெர்கா என்னும் புழு. சாணி வண்டின் உடலில் இதன் இளம்புழு இருக்கும். அந்த வண்டையோ, அதைத் தின்ற பல்லி, கோழி போன்றவற்றையோ நாய் தின்றால், புழு உணவுக்குழாயின் சுவரில் முடிச்சுக் கட்டி வாழத் தொடங்கும். முடிச்சு பெரிதாகும்போது நாய் அடிக்கடி எச்சில் விழுங்கும், உணவைக் கக்கும், மெலியும். கவனிக்காமல் விட்டால் அம்முடிச்சு புற்றாகவும் மாறலாம். வழக்கமாக மருந்துக்கடையில் வாங்கிக் கொடுக்கும் குடற்புழு மாத்திரையை மட்டும் நம்பியிருக்க முடியாது. எண்டோஸ்கோப்பியில் உறுதி செய்த பிறகு, மருத்துவர் குறித்த இடைவெளியில் போடும் ஊசிகளால் குணப்படுத்தலாம். மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தை நீங்களே போட்டுவிடாதீர்கள், சில இன நாய்களுக்கு அது உயிரைப் பறிக்கும்.

கேள்வி: எங்கள் பொமரேனியன் கதவு மணி அடித்தாலே வாத்து கத்துவது போல இருமுகிறது. தொண்டை மருந்து பலன் தரவில்லை.
ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சிறிய இனங்களில் மூச்சுக்குழாயின் வளையங்கள் தளர்ந்து, மூச்சிழுக்கும்போது குழாய் தட்டையாவதால் இப்படிப்பட்ட இருமல் வரும், இதில் தொற்று இல்லை, எனவே ஆண்டிபயாடிக் பலன் தராது. இதய வீக்கமும் இதே போன்ற இருமலைத் தரும் என்பதால் மார்பு எக்ஸ்ரே எடுத்து இரண்டையும் பிரித்தறிய வேண்டும். உடல் எடையைக் குறைத்து, கழுத்துப்பட்டைக்குப் பதில் ஹார்னஸ் போட்டு, வீட்டில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திப் புகை இல்லாமல் பார்த்துக்கொண்டாலே பல நாய்கள் மருந்தின்றிச் சமாளிக்கும். இருமல் உறக்கத்தைக் கெடுத்தால் இருமலை அடக்கும் மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். கோடை நண்பகலில் வெளியே அழைத்துச் செல்ல வேண்டாம். இருமும்போது நாக்கோ ஈறோ நீலம் பாய்ந்தால், தூக்கிக்கொண்டு ஓடாமல், குளிர்ந்த காற்றோட்டமான இடத்தில் அமைதியாக வைத்து, வண்டியை வரவழைத்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே முதலில் தர வேண்டியது ஆக்சிஜன் என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் தயாராக இருப்பார்கள்.